ஒரே மெட்டு, இரண்டு முடிவு
(வாலிபர் பாடம்: காதலும் தூரமும்)



"ஐயா, பாட்டுதானே! கேட்டா என்ன தப்பு?" என்று வாலிபப் பிள்ளைகள் கேட்கிறார்கள். "அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பிள்ளை கெட்டுப் போகுது" என்று பெற்றோர் சொல்லுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் சத்தம்தான் அதிகம். பாட்டை எடுத்து முன்னால் வைத்து, இதிலே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பொறுமையாய்ப் பார்த்தவர்கள் குறைவு. இந்த முறை நாம் அதைச் செய்வோம்.

பாடத்துக்கு எடுத்துக்கொள்ளுவது "விண்ணைத்தாண்டி வருவாயா" பாட்டுத் தொகுப்பு. பழைய படமாச்சே என்று நினைக்கவேண்டாம். 2009 டிசம்பரில் வந்த பாட்டுகள் இன்றைக்கும் கடலூர் பஸ்ஸிலும் சிதம்பரம் ஹாஸ்டலிலும் காதுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. இதை எடுத்ததற்கு மூன்று காரணம் உண்டு. கதையின் பெண் ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. நம்முடைய ஆராதனைச் சொல் ஒன்று இந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. மூன்றாவது காரணம் தலைப்பிலேயே இருக்கிறது. அதைப் போகப்போகப் பார்ப்போம்.

1. தொகுப்பில் என்ன இருக்கிறது?

இசை ஏ.ஆர்.ரஹ்மான். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அவர் இரண்டு ஆஸ்கார் விருது வாங்கியிருந்தார். தமிழ்ப் பாட்டுகளை எழுதியவர் கவிஞர் தாமரை. கொச்சையான வரி, இரட்டை அர்த்தம் எழுதமாட்டேன் என்று சினிமாவிலேயே உறுதியாய் நின்று பேர் வாங்கியவர். ஆகவே "ஆபாசப் பாட்டு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட இங்கே வழியில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகவேண்டும்.

கதை சுருக்கம் இது. என்ஜினியரிங் படித்துவிட்டு சினிமா டைரக்டராக ஆசைப்படுகிற கார்த்திக், இந்துப் பையன். அவன் குடும்பம் வாடகைக்கு இருக்கிற வீட்டின் மாடியில் ஜெஸ்ஸி இருக்கிறாள். ஆலப்புழாவைச் சேர்ந்த மலையாளக் கிறிஸ்தவப் பெண், அவனைவிட ஒரு வயது மூத்தவள், கண்டிப்பான அப்பா. இருவருக்கும் நடுவே முதலில் இருந்த தூரம் ஒரு மாடிப்படி. பிறகு அது சென்னைக்கும் ஆலப்புழாவுக்கும் உள்ள தூரமாகிறது. கடைசியில் அளவுகோலே இல்லாத தூரமாகிவிடுகிறது.

தொகுப்பில் ஏழு பாட்டு. முதன்முதலாகப் பார்த்த திகைப்பைப் பாடுகிறது ஒன்று. "ஆரோமலே" மலையாளத்தில் வருகிறது. அல்போன்ஸ் ஜோசப் கிடார் சத்தத்தின் நடுவே தொண்டையைத் திறந்து கூப்பிடுகிறார். மலையாளம் தெரியாதவனுக்கும் அந்தக் கூப்பிடுதல் புரிகிறது. "மன்னிப்பாயா" என்ற பாட்டை ஷ்ரேயா கோஷலும் ரஹ்மானும் பாடுகிறார்கள். அதற்குள் திருக்குறளும் வருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக் குறள் இருபத்தோராம் நூற்றாண்டுக் காதலுக்குள் ஒட்டாமல் நிற்கவில்லை. மனுஷனுடைய நெஞ்சு அவ்வளவு மாறிவிடவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

2. "ஓசன்னா" யாருக்கு?

"ஹோசானா" என்ற பாட்டைப் பற்றித்தான் சபைகளில் அதிகம் பேசினார்கள். 2012-ல் இதே கதை "ஏக் தீவானா தா" என்று இந்தியில் வந்தபோது, பரிசுத்தமான சொல்லைக் காதல் பாட்டில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கிறிஸ்தவ அமைப்பு வெளிப்படையாக ஆட்சேபித்தது.

அந்தச் சொல்லின் வேர் எபிரெயம். "இப்போது இரட்சியும்" என்ற விண்ணப்பம் அது. சங்கீதம் 118:25-ல் விண்ணப்பமாக இருக்கிறது. எருசலேமின் தெருவிலே ஜனங்கள் குருத்தோலையோடு கூப்பிட்டபோது அது வாழ்த்தாகவும் ஆயிற்று (மத். 21:9, யோவா. 12:13). முதலில் அது கையிலே ஒன்றுமில்லாதவன் இடுகிற சத்தம். துதியாக மாறினது பிறகு.

சினிமாக்காரன் அர்த்தம் தெரிந்து போட்டானோ, சத்தம் நன்றாயிருக்கிறது என்று போட்டானோ, அதை விட்டுவிடுவோம். நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அந்தப் பாட்டில் ஒரு வாலிபன், ஒரு பெண்ணைப் பார்த்து, "என்னைக் காப்பாற்று" என்கிற சொல்லைச் சொல்லுகிறான். தம்பி, இருபத்திரண்டு வயசுப் பிள்ளை ஒன்று உன்னை இரட்சிக்க முடியுமா? அவளுக்கே வீட்டில் ஆயிரம் கேள்வி, பரீட்சை, வேலை, பயம். அவள் தோளில் அந்தச் சுமையையும் ஏற்றலாமா? தங்கச்சி, உனக்கும் இதே கேள்விதான். ஒரு மனுஷனைப் பிரியப்படலாம், மதிக்கலாம், அவனோடு வாழலாம். அவனை இரட்சகனாக்கினால் அவனும் நொறுங்குவான், நீயும் நொறுங்குவாய்.

3. இது நம்ம ஊர் நோவு மட்டுமா?

இல்லை. "ஈமோ" என்று ஒரு இசை மேல்நாட்டில் உண்டு. 1980-களின் நடுவிலே வாஷிங்டன் நகரத்துப் பங்க் இசைக்காரர்களிடமிருந்து அது கிளம்பிற்று. கோபத்தைக் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் துக்கத்தையும் கத்த ஆரம்பித்தார்கள். உணர்ச்சி என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி அதற்குப் பேர் வைத்தார்கள். "பாப் பங்க்" அதற்குப் பக்கத்து வீடு: வேகமான கிடார், எளிதான மெட்டு. 2000-களின் தொடக்கத்தில் இவை உலகமெல்லாம் பரவின. பொருள் பெரும்பாலும் ஒன்றே. சின்ன ஊர், பள்ளிக்கூடத்துக் காதல், ஒருவர் ஊரை விட்டுப் போய்விடுகிறார், மற்றவர் ராத்திரி விழித்துக்கொண்டிருக்கிறார். "ரிலையன்ட் கே" போல, கிறிஸ்தவ வாலிபர்களே சேர்ந்து இந்த இசையைப் பாடிய குழுக்களும் உண்டு.

அமெரிக்காவில் ஒகையோவில் அழுதாலும், அண்ணாமலைநகர் ஹாஸ்டலில் அழுதாலும் கண்ணீர் ஒரே உப்புதான். ஆகவே "இவன் சினிமா பாத்து கெட்டுப் போனான்" என்று பெற்றோர் அவசரப்பட்டுச் சொல்லவேண்டாம். நோவு முதலில் வந்தது. பாட்டு பிறகு வந்து அதற்கு வாய் கொடுத்தது.

4. ஒரே மெட்டு, இரண்டு முடிவு

இப்பொழுது பாடத்தின் மையத்துக்கு வருவோம்.

இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனன் இந்தக் கதையை ஒரே நேரத்தில் இரண்டு மொழியில் எடுத்தார். தமிழில் சிம்புவும் திரிஷாவும். தெலுங்கில் "ஏ மாய சேசாவே" என்ற பேரில் நாக சைதன்யாவும் சமந்தாவும். இரண்டும் ஒரே நாளில், 2010 பிப்ரவரி 26-ல் வெளிவந்தன. அதே கதை, அதே ஜெஸ்ஸி, அதே ஆலப்புழா, அதே ரஹ்மானின் மெட்டுகள்.

ஆனால் முடிவு வேறு. தமிழில் அவர்கள் பிரிந்துவிடுகிறார்கள். அவள் வேறொருவருக்கு மனைவியாகிறாள். அவன் தன் காதலைச் சினிமாவாக எடுத்து, அந்தச் சினிமாவுக்குள் மட்டும் சேர்ந்துகொள்ளுகிறான். தெலுங்கில் இருவரும் உண்மையாகவே சேர்ந்துவிடுகிறார்கள்.

கவனித்தீர்களா? சேர்ந்தவர்களுக்கும் அதே மெட்டு, பிரிந்தவர்களுக்கும் அதே மெட்டு. மெட்டு உருகினதனால் ஒருவரும் சேரவில்லை. மெட்டு அழுததனால் ஒருவரும் பிரியவில்லை. முடிவைக் கொண்டுவந்தது, நடுவிலே எடுக்கப்பட்ட தீர்மானங்கள். தமிழ்க் கதையில் அவள் ஒரு நாள் சரி என்கிறாள், மறுநாள் முடியாது என்கிறாள். அவனுக்குப் படவேலை. பெரியவர்களோ உட்கார்ந்து பேசுகிறவர்களாக இல்லை. எல்லாரும் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டதே தீர்மானமாகிவிட்டது.

"பாட்டு கேட்டா அவ நெனப்பு வருது, அப்படின்னா இது நெஜமான காதல்தான்" என்று ஒரு தம்பி சொல்லலாம். நினைப்பு வருவது மெய். ஆனால் அந்த மெட்டு யாருக்கும் நினைப்பைக் கொண்டுவரும். அதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உன் காதல் மெய்யா என்பதைப் பாட்டு முடிந்து, இயர்போனைக் கழற்றிய பிறகு நீ என்ன செய்கிறாய் என்பதிலே பார்.

5. தில்லையின் பழைய பாடம்

காதலையும் பிரிவையும் பாடின பெரிய தொகுப்பு ஒன்று நம்ம சிதம்பரத்துக்கே உண்டு. மாணிக்கவாசகர் தில்லையை வைத்துப் பாடிய திருக்கோவையார். நானூறு பாட்டு, இருபத்தைந்து அதிகாரம். அது சைவ நூல், நமக்கு வேறு விசுவாசம்; ஆனாலும் தமிழ் படிக்கிற பிள்ளைகள் கல்லூரியில் அதைப் படிக்கத்தான் செய்கிறார்கள். அதிலிருந்து ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

அந்த நூலில் தலைவன் தலைவியை விட்டுச் சும்மா பிரிவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பேர் இருக்கிறது. படிக்கப் போனால் ஓதற்பிரிவு. சம்பாதிக்கப் போனால் பொருள்வயிற்பிரிவு. காவலுக்குப் போனால் காவற்பிரிவு. எதற்காகப் போகிறான் என்று அவளுக்கும் தெரியும், வாசிக்கிற நமக்கும் தெரியும். தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போய், படிப்புக்காகப் பிரிகிற பிரிவு மூன்று வருஷத்தைத் தாண்டக்கூடாது என்று கெடு வைக்கிறது. அக்காலத்துப் பெரியவர்கள் காதலைத் தடை செய்யவில்லை. தூரத்துக்குக் காரணமும் கணக்கும் கேட்டார்கள்.

வேதத்திலும் இதையே பார்க்கிறோம். யாக்கோபு ராகேலை நேசித்தான். ஏழு வருஷம் என்று அவனே கெடு சொன்னான், வேலையும் செய்தான். நேசம் இருந்தபடியால் அந்த வருஷங்கள் அவனுக்கு நீளமாய்த் தோன்றவில்லை (ஆதி. 29:20). மாமன் ஏமாற்றினதும், பின்னும் ஏழு வருஷம் உழைத்ததும் நமக்குத் தெரிந்த கதைதான். அவன் ஆட்டுமந்தையை மேய்த்துக் காத்திருந்தான்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவருவோம். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று பஸ் நின்று நின்று போனாலும் அதே காலையில் போய்ச் சேரலாம். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாய்ப் போய் வருகிறார்கள். அங்கிருந்து வேலைக்குச் சென்னை, பெங்களூர், துபாய். எல்லாம் தூரந்தான். ஆனால் "எதுக்குப் போறேன், எத்தனை வருஷம், வந்த பிறகு என்ன" என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தத் தூரம் தாங்கும். பதில் சொல்லாமல் "வெயிட் பண்ணு, வெயிட் பண்ணு" என்று மட்டும் சொன்னால், அது காத்திருத்தல் ஆகாது. ஒரு பிள்ளையின் வயசைக் கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது அது.

6. கிலோமீட்டரில் அளக்க முடியாத தூரம்

இதுவரை சொன்னது பஸ்ஸும் ரயிலும் கடக்கிற தூரம். இனி வேறொரு தூரத்தைப் பேசவேண்டும். பேசாமல் விட்டால் இந்தப் பாடம் பாதிதான்.

நம்முடைய கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்தில் ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு பேர். அவன் என்ஜினியரிங் படித்த தலித் வாலிபன். அவள் வேறு சாதிப் பெண். இருவரும் மேஜர். 2003 மே மாதம் கடலூரில் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். பயத்தினால் வெளியே சொல்லாமல் இருந்தார்கள். ஜூலை மாதம் பெண்ணின் வீட்டார் இருவரையும் பிடித்து, ஊரார் முன்பாக விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. பதினெட்டு வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. பெண்ணின் சகோதரனுக்கு மரண தண்டனை, போலீஸ்காரர்கள் உட்பட 12 பேருக்கு ஆயுள் தண்டனை. 2022-ல் உயர்நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர்? ஒரே ஊர்தானே! காலனிக்கும் தெருவுக்கும் நடுவில் நடந்து போகிற தூரம். ஆனாலும் எந்தச் சினிமாப் பாட்டும் பாடாத தூரம் அது. அந்தத் தூரத்தைப் போட்டது பிள்ளைகள் இல்லை, பெரியவர்கள்.

"அது உலகத்தார் காரியம், நம்ம சபையில் அப்படி இல்லை" என்று சொல்லத் தோன்றும். நம் பத்திரிகைகளில் வருகிற மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்டு, அபிஷேகம் பெற்ற" என்று ஒரு வரி. அடுத்த வரியில் சாதிப் பேர்! ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கி ஏறியும் அது மட்டும் நனையாமல் வந்துவிட்டதா?

விசுவாசம் வேறு, சாதி வேறு. அந்நிய நுகத்தைக் குறித்து ஒரு தகப்பன் கவலைப்படுவது நியாயம் (2 கொரி. 6:14). அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசலாம், பேசவும் வேண்டும். ஜெஸ்ஸியின் வீட்டிலும் அந்தக் கேள்வி மெய்யான கேள்விதான். ஆனால் அந்த வசனத்தை முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் சாதியை ஒளித்து வைக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. இரண்டு பேரும் விசுவாசிகள், ஒரே திருவிருந்து; அப்படியிருந்தும் "நம்ம ஆளு இல்லை" என்றால், அங்கே பேசுகிறது விசுவாசமா? எத்தியோப்பியா தேசத்துப் பெண்ணை மோசே விவாகம்பண்ணினதற்காக மிரியாம் முறுமுறுத்தாள். குஷ்டம் பிடித்துப் பாளயத்துக்குப் புறம்பே ஏழு நாள் நின்றது மிரியாம்தான், அந்தப் பெண் அல்ல (எண். 12).

7. இனி என்ன செய்வது?

அன்பான பெற்றோரே! பிள்ளை பாட்டு கேட்டால் போனைப் பிடுங்காதிருங்கள். "இது என்ன பாட்டு? எனக்கும் போடு" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் முழிப்பார்கள், பிறகு பேசுவார்கள். வீட்டில் பேச இடம் இருந்தால் பிள்ளை மறைவிடம் தேடிப் போகாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்தால் தங்கள் திருமணத்தைத் தாங்களே தீர்மானிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மேஜரான இருவர் மனமொத்துச் செய்யும் திருமணத்தில் கூட்டம் கூடித் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆலோசனை சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கை ஓங்க உரிமை இல்லை. பிரிவினால் பிள்ளை சாப்பாடு, தூக்கம் விட்டு, "வாழ்ந்து என்ன பிரயோஜனம்" என்று பேச ஆரம்பித்தால், ஜெபியுங்கள்; அதோடு டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ல் எந்நேரமும் பேசலாம்.

வாலிபப் பிள்ளைகளே! பாட்டை அளந்து கேளுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரே பிரிவுப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். புண்ணைச் சொறிந்தால் அந்நேரம் சுகமாகத்தான் இருக்கும். தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்று மரியாதையாய்ச் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து "வேண்டாம்" என்று பதில் வந்தால் அதையும் மதியுங்கள். பின்தொடர்ந்து போவதும், போட்டோவைக் காட்டி மிரட்டுவதும் காதலின் பேரில் செய்கிற பாவம், குற்றமும் கூட.

சபைப் பெரியவர்களே! பிள்ளைகள் இப்படிப்பட்ட காரியத்தைக் கொண்டுவந்தால் கதவைத் திறந்து வையுங்கள். தமிழ் ஜெஸ்ஸிக்கும் கார்த்திக்குக்கும் நடுவிலே உட்கார்ந்து பேச ஒரு பெரியவர் இருந்ததில்லை. விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கும் இருந்ததில்லை.

சிந்திக்க, கலந்து பேச:

1. நீங்கள் அடிக்கடி கேட்கிற காதல் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தூரத்துக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறது? காரணமே இல்லாமல் நோவு மட்டும் இருக்கிறதா?

2. "ஓசன்னா" என்று கூப்பிடவேண்டிய இடத்தில் நாம் எந்த மனுஷரை வைத்திருக்கிறோம்?

3. யாக்கோபு கெடு சொன்னான், வேலையும் செய்தான். நம் காத்திருத்தலில் இந்த இரண்டும் உண்டா?

4. (பெற்றோருக்கு) உங்கள் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது முதலாவது கேட்கிற கேள்வி என்ன? இரண்டாவது கேள்வி என்ன? மறைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நாலாவது கேள்வியை வாலிபர் கூட்டத்தில் கேட்கவேண்டாம். வீட்டிலே, புருஷனும் மனைவியுமாய் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகள் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.